மூன்று கிண்ணம் எண்ணெய்

புஷ்பவல்லியின் மோட்டார் கராஜுக்கும் என் மாவு மில்லுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் முடிந்து கடை வரிசை தொடங்கும் இடத்தில் எங்கள் இரண்டு கடைகளும் இருந்தன. அவள் பக்கத்திலிருந்து இரும்பு தட்டும் சத்தம் என் பக்கம் வரும். என் பக்கத்திலிருந்து மிளகாய்த் தூள் அவள் பக்கம் போகும். அவள் ஆட்கள் நாள் முழுக்கத் தும்மினார்கள், நான் நாள் முழுக்கத் திட்டினேன். இது போதாதென்று இரண்டு கடைக்கும் மின்சாரம் வந்தது ஒரே மின்கம்பத்திலிருந்து. சண்டை வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நான் சோமசுந்தரம். கோபக்காரன் என்று பெயர் எடுத்தவன், அதை மறுக்கவும் மாட்டேன். புஷ்பவல்லி என்னைவிட வயதில் சின்னவள், என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவள். அதனால் அவள் இவள் என்றுதான் எழுதப் போகிறேன். மரியாதை குறைகிறது என்று யாராவது வருத்தப்பட்டால் படட்டும்.

அவள் பிறந்தது ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அப்பா தோட்டத்து ரப்பர்ப் பால் கொட்டகையில் எஞ்சின் ஓட்டியவர். எஞ்சின் சத்தம் மாறினாலே என்ன கோளாறு என்று சொல்லிவிடும் காது அவளுக்கு அங்கே வந்தது. கட்டிக்கொண்டது வேலாயுதத்தை. அவனைப் போல் லோரி எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் கோலாலம்பூரில் அப்போது அதிகம் பேர் இல்லை. ஆனால் வாயைத் திறக்க மாட்டான். வேலை முடிந்து லோரிக்காரன் எவ்வளவு என்று கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விடுவான். இப்படியே போனால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்று புஷ்பவல்லி ஒரு நாள் முக்காலியைத் தூக்கிக் கராஜ் வாசலில் போட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. சீன லோரிக்காரர்கள் வந்து "தவுக்கே எங்கே?" என்று கேட்டால், வேலாயுதம் கையில் இருக்கும் ஸ்பேனரால் மனைவியைக் காட்டுவான். முதலாளி என்று அர்த்தமான அந்தச் சொல்லே அவளுக்குப் பெயராகிவிட்டது. தவுக்கேயம்மா என்றால்தான் எங்கள் வரிசையில் ஆளைத் தெரியும்.

நாகையா வந்து சேர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ரப்பர் விலை விழுந்து நாடே படுத்துக் கிடந்த காலம். செந்தூல் ரயில்வே பட்டறையில் இரும்பு கடையும் லேத்து ஓட்டிய நாகையாவுக்கும் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பக் கப்பல் டிக்கெட்டும் கொடுத்துவிட்டார்கள். கையில் இருந்த அளவுக் கருவிகளை விற்றுவிட்டுப் போகலாம் என்று கராஜுக்கு வந்தான். புஷ்பவல்லி அவற்றை எடுத்துப் பார்த்தாள். ஒன்றில்கூடத் துரு இல்லை, எல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்தது.

"இத வித்துட்டு அங்க போயி என்ன செய்வே?" என்றாள்.

"தெரியலங்க."

"அப்ப எதுக்குப் போறே? உள்ள வா."

அப்போது அவளிடம் லேத்தே கிடையாது. முதலில் ஆளை எடுத்துக்கொண்டாள், லேத்தைப் பிறகு வாங்கினாள். இவளுக்குப் பைத்தியம் என்று நான் என் மனைவி மெய்யம்மையிடம் சொன்னேன். இரண்டு வருஷத்தில் கிள்ளான் பஸ்காரர்களும், கேரி தீவிலிருந்து படகில் ஏறி வரும் தோட்டத்து லோரிகளும் அவள் வாசலில் வரிசையாக நின்றபோது, மெய்யம்மை அதை எனக்கு ஞாபகப்படுத்தினாள். இந்த மாதிரி விஷயங்களில் என் மனைவிக்கு ஞாபகசக்தி அதிகம்.

லேத்து, துளை போடும் மிஷின், சாணை, காற்றடிக்கும் மிஷின் எல்லாம் கூரைக்குக் கீழே சுழலும் ஒரே தண்டிலிருந்து பெல்ட் போட்டு ஓடின. அந்தத் தண்டை முதலில் ஓட்டியது ஒரு கிழட்டு எண்ணெய் எஞ்சின். மின்சார மோட்டார் வாங்கியதும் எஞ்சினை ஈயம் எடுக்கும் லம்பத்துக்கு விற்றுவிட்டாள். இனி மின்சாரம் இல்லையென்றால் கராஜ் இல்லை என்ற நிலை வந்தது. அது பற்றி அவளுக்குக் கொஞ்சமும் பயம் இருக்கவில்லை.

தொல்லை ஆரம்பித்தது பீஸில். பியூஸ் என்று படித்தவர்கள் சொல்வதை எங்கள் வரிசையில் பீஸ் என்போம். பீங்கான் கட்டைக்குள் ஒரு மெல்லிய கம்பி. அளவுக்கு மேல் மின்சாரம் போனால் கம்பி உருகி அறுந்துவிடும், வீடும் கடையும் தப்பிக்கும். ஆனால் மோட்டார் என்பது ஓடும்போது குடிப்பதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு மின்சாரத்தைக் குடிக்கிற ஜாதி. ஓடுவதற்குச் சரியான கம்பியைப் போட்டால், காலையில் மோட்டாரைக் கிளப்பின உடனே பட்டென்று போய்விடும். நாகையா மாற்றுவான், மறுபடியும் போகும். பஸ்காரன் வாசலில் நின்று ஹார்ன் அடிப்பான். கொஞ்சம் தடித்த கம்பி போட்டார்கள். பிறகு அதைவிடத் தடித்தது. கடைசியில் பழைய கேபிளை உரித்து, செம்பு இழைகளை முறுக்கிப் போட்டார்கள்.

"பாருங்கண்ணே, இப்ப பீஸே போறதில்ல!" என்று புஷ்பவல்லி பெருமையாகச் சொன்னாள்.

"போகாத பீஸ் எதுக்கு? ஒரு ஆணிய சொருகிட்டுப் போயேன்" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நான் பயந்தபடியே ஆயிற்று. ஒரு நாள் முற்பகல் காற்றடிக்கும் மிஷின் இறுகி நின்றது, அதோடு தண்டும் நின்றது, மோட்டார் மட்டும் சுற்ற முடியாமல் முக்கிக்கொண்டு கிடந்தது. செம்பு முறுக்கு அசையவில்லை. மோட்டாருக்குள் சுற்றியிருந்த கம்பி கருகி, ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் தெருவில் மின்கம்பத்தில் இருந்த பெரிய பீஸ் வெடித்தது. வரிசை முழுக்க மின்சாரம் போயிற்று. என் மில்லில் ஒரு கல்யாண வீட்டு மிளகாய் பாதி அரைபட்டு நின்றது. எதிர்க் கடையில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர் சுழலாத காற்றாடிக்குக் கீழே வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தார். கராஜிலிருந்து வந்த புகையைப் பார்த்து ரயில்வே ஆட்கள் வாளியோடு ஓடிவந்தார்கள்.

மின்சார ஆபீஸில் புகார் கொடுத்தவன் நான்தான். இன்றைக்கும் அதில் தப்பில்லை என்றுதான் சொல்வேன். தீ பிடித்திருந்தால் பலகைச் சுவர் என்ன செய்யும்? புஷ்பவல்லி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். வேலாயுதம் மட்டும் எப்போதும்போல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு வார்த்தை பேசுவான். அவன் பேச்சே அவ்வளவுதான்.

ஆபீஸிலிருந்து வந்தவர் ராதாகிருஷ்ணன் என்ற இன்ஸ்பெக்டர். வெள்ளைக் கால்சட்டை, கையில் தோல் பை. அந்தச் செம்பு முறுக்கைக் குறடால் பிடித்துத் தூக்கி, செத்த பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அதிகாரம் பண்ணுவார் என்று நினைத்தேன். அவரோ ஒரு காலிப் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாடமே எடுத்துவிட்டார்.

"அம்மா, நீங்க ஒரே கம்பிய ரெண்டு வேலைக்கு வெச்சிருக்கீங்க. அது முடியாது. பீஸ் இருக்கிறது ஒயருக்குக் காவல். ஒயரோட ஒயர் ஒட்டிச்சுன்னா, அது உடனே அறுக்கணும். மோட்டார் நெஞ்சடைச்சு நிக்குது பாருங்க, அதுக்கு வேற காவல் வேணும். கொஞ்சம் பொறுத்துப் பாத்து அறுக்கிற காவல்."

"எவ்வளவு பொறுக்கணும்?" என்றாள் புஷ்பவல்லி.

"மோட்டார் கிளம்புற வரைக்கும் பொறுக்கணும். கருகுறதுக்கு முன்னாடி அறுக்கணும்."

அவள் முக்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "கல்யாணப் பந்தி மாதிரிங்களா? மொதப் பந்திக்கு இடிச்சுக்கிட்டுத்தான் வருவாங்க. அதுக்காக வெரட்டக் கூடாது. உக்காந்த பொறகும் இடிச்சுக்கிட்டிருந்தா, வெரட்டணும்."

ராதாகிருஷ்ணன் சிரித்துவிட்டார். "அதேதான்." பிறகு முகம் மாறியது. மோட்டாருக்குக் கம்பி புதிதாகச் சுற்றி, சரியான காவலும் போட்ட பிறகு, வந்து சோதிப்பதாகச் சொன்னார். பக்கத்து மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரைக் கட்டை கொடுத்து நிறுத்துவார். கராஜின் காவல் மின்சாரத்தை அறுக்க வேண்டும், மின்கம்பத்துப் பீஸ் போகக் கூடாது, மில் நிற்கக் கூடாது. இதில் தோற்றால் மோட்டார் இணைப்பு ரத்து. இன்னொன்றும் சொன்னார். சீல் வைத்த பெட்டியை யாரும் தொடக் கூடாது. வேலையாள் எவனாவது தெரியாமல் கை வைத்தால், அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டு மறுபடியும் விண்ணப்பிக்கலாம். கடைக்கு உரிமையுள்ளவரே கை வைத்தால் அத்தோடு முடிந்தது.

"எங்க ஆளுங்க தொட மாட்டாங்க. அத நான் பாத்துக்கிறேன்" என்றாள் புஷ்பவல்லி.

மறுநாளே வேலாயுதத்தை இழுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். கடையில் நடந்ததை வேலாயுதம் என்னிடம் சொன்னான், அவனுக்கே சிரிப்பு தாங்கவில்லை. கடைக்காரர் முதலில் பெரிய பீங்கான் பீஸ் ஒன்றைக் காட்டியிருக்கிறார். "இதுல ஏமாந்துதான் இங்க வந்திருக்கேன்" என்று தள்ளிவிட்டாள். அடுத்து, மின்சாரம் போனால் தானாக விழுந்துவிடும் கைப்பிடி வைத்த ஒரு பெட்டி. மின்சாரம் இருந்து மோட்டார் நின்றால் இது விழுமா என்று கேட்டிருக்கிறாள். விழாது என்று ஒத்துக்கொண்டார். மூன்றாவது காட்டியதில் அடியில் மூன்று சின்னக் கிண்ணம், ஒவ்வொன்றிலும் எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு குட்டித் தண்டு. மோட்டார் அதிகமாகக் குடித்தால் தண்டு மேலே ஏறும். எண்ணெய் அதை உடனே ஏற விடாமல் பிடித்து வைக்கும். பிடியையும் மீறி ஏறிவிட்டால் பெட்டியின் கைப்பிடி டக்கென்று விழுந்து மின்சாரத்தை அறுத்துவிடும். கிளம்புகிற இடிக்குத் தண்டு பாதிதான் ஏறும், அதற்குள் இடி அடங்கிவிடும்.

"மூணு கிண்ணம் எதுக்கு? ஒண்ணு போதாதா?" என்று கேட்டாளாம்.

மோட்டாருக்கு மூன்று கம்பி போகிறது, மூன்றில் ஒன்று அறுந்துபோனால் மற்ற இரண்டிலும் பாரம் ஏறி மோட்டார் கருகும், அதற்காகத்தான் என்றார் கடைக்காரர். விலை குறைந்தது ஒன்று இரண்டு கிண்ணத்தோடு இருக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தார். அவள் மூன்றையே எடுத்தாள். பீஸையும் அவர் சொன்ன அளவில் வாங்கினாள். கூடவே எண்ணெய்ப் புட்டி ஒன்றும் கொடுத்தார்கள். அதே மாதிரிப் பெட்டிதான் என் மில்லில் ஏற்கெனவே இருந்தது, எனக்கும் அதே புட்டிதான் கொடுத்திருந்தார்கள். நான் அதைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன், திறந்ததுகூட இல்லை. நான் பயந்தாங்கொள்ளி, அதனால்தான் முதலிலேயே வாங்கினேன். அவள் தைரியசாலி, கருகின பிறகு வாங்கினாள்.

ராதாகிருஷ்ணன் வந்து பெட்டியைப் பூட்டி, கயிறு கட்டி அரக்கு வைத்தார். சோதனைக்கு நாள் சொல்லி அனுப்புகிறேன் என்று போனார். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

கராஜ் ஆட்களின் ஆயுத பூஜையைப் பார்த்திருக்கிறீர்களா? கோவில் திருவிழா தோற்றுவிடும். வருஷம் முழுக்கக் கரிப்பிடித்துக் கிடந்த ஸ்பேனரெல்லாம் மண்ணெண்ணெயில் குளித்துப் பளபளக்கும். எதையெல்லாம் திறக்க முடியுமோ அதையெல்லாம் திறந்து, பழைய எண்ணெயைக் கொட்டித் துடைத்து, புதிய எண்ணெய் ஊற்றிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பழைய எண்ணெயோடு ஒரு மிஷின்கூட பூஜைக்கு உட்காரக் கூடாது. இது புஷ்பவல்லியின் அப்பா எஞ்சின் கொட்டகையில் வைத்திருந்த வழக்கம். ஆட்கள் மற்ற மிஷின்களைப் பார்ப்பார்கள், புதிதாக வாங்கியதற்கு மட்டும் முதல் எண்ணெயை வீட்டுப் பெண் ஊற்ற வேண்டும். அந்த வருஷம் புதிதாக வந்தது அந்தப் பெட்டிதான்.

அன்றைக்கு வேலாயுதமும் ஆட்களும் வாசலில் லோரிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாகையா வாழைக்கன்று வாங்கப் பாசாருக்குப் போயிருந்தான். புஷ்பவல்லி தனியாகப் பெட்டிக்கு முன் நின்றாள். பூட்டின் சாவி அவளிடம்தான் இருந்தது, கயிறு தளர்ந்துதான் கிடந்தது. அரக்கு உடையாமல் கயிற்றை நழுவவிட்டுத் திறந்தாள். ஆட்கள் தொடக் கூடாது என்றுதானே சொன்னார், பூஜைக்குத் தொடக் கூடாது என்றா சொன்னார் என்பது அவள் நியாயம். கிண்ணங்களில் இருந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி இருந்தது. கராஜில் வளர்ந்த கண்ணுக்கு மெல்லிய எண்ணெய் என்றால் செத்த எண்ணெய். லோரி கியர்பெட்டிக்கு ஊற்றுகிற, தேன்போல் கெட்டியான முதல்தரச் சரக்கை எடுத்து மூன்று கிண்ணத்திலும் நிரப்பினாள். கடைக்காரர் கொடுத்த புட்டி அவள் தையல் மிஷினுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு பெட்டி ஒரு தடவைகூட விழவில்லை. காலையில் மோட்டார் கிளம்பும், சாயங்காலம் நிற்கும். "எங்க பெட்டி மாதிரி இந்த ஊர்லயே கெடையாது" என்று எனக்குக் கேட்க வேண்டுமென்றே சுவர்ப் பக்கம் நின்று சொல்வாள்.

சோதனை நாளில் வரிசையே கராஜ் வாசலில் கூடிவிட்டது. இன்ஸ்பெக்டர் சொன்னபடி நான் என் மில்லில் ஆளை வைத்து அரைக்க விட்டுவிட்டு வந்து நின்றேன். கிள்ளான் பஸ் கம்பெனியின் மேஸ்திரியும் வந்திருந்தார். இணைப்பு போனால் பஸ்களை வேறு கராஜுக்குக் கொண்டுபோக வேண்டுமே. புஷ்பவல்லி பட்டுப் புடவை கட்டியிருந்தாள். ஜெயித்தாயிற்று என்ற முகம்.

மோட்டார் அழகாகக் கிளம்பியது. ராதாகிருஷ்ணன் கடிகாரத்தைக் கையில் எடுத்தார். நாகையாவும் வேலாயுதமும் மரக்கட்டையைக் கூரைத் தண்டின் சக்கரத்துக்குள் கொடுத்து அழுத்தினார்கள். தண்டு நின்றது. மோட்டார் முக்கியது. எல்லாரும் பெட்டியைப் பார்த்தோம். பெட்டி விழவில்லை. மோட்டாரின் முக்கல் உறுமலாகியது. மோட்டார்க் கம்பி கருகும் வாசனை வந்தது. அந்த வாசனையை வரிசையில் யாரும் மறந்திருக்கவில்லை, இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள். நான் என் மில் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன், அது இப்போது நின்றுவிடும் என்று. ராதாகிருஷ்ணன் பாய்ந்து கைப்பிடியை இழுத்து மின்சாரத்தை நிறுத்தினார்.

அவர் பெட்டியைத் திறந்தார். கிண்ணத்தில் விரலை விட்டு எடுத்தார். எண்ணெய் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

"இத ஊத்தினது யார்?"

புஷ்பவல்லியின் முகத்தை நான் பார்த்தேன். மெல்லிய எண்ணெய் ஏன் மெல்லியதாக இருந்தது என்பது அந்த நொடியில்தான் அவளுக்குப் புரிந்தது. கெட்டி எண்ணெய்க்குள் குட்டித் தண்டு எப்படி ஏறும்? பந்தியில் இடிக்கிறவனை விரட்ட வேண்டிய காவல்காரனின் காலையே கட்டிப் போட்டிருக்கிறாள். அவள் வாய் திறப்பதற்குள் நாகையா முன்னால் வந்தான்.

"நான்தாங்கய்யா. தெரியாம செஞ்சிட்டேன்."

ராதாகிருஷ்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வழி சுலபமாகத் திறந்திருந்தது. ஆளை அனுப்பிவிட்டால் கராஜ் பிழைக்கும். நாகையாவுக்கும் அது தெரிந்துதான் வந்து நின்றான். பஸ் மேஸ்திரி தலையை ஆட்டினார். வேலாயுதம் தரையைப் பார்த்தான். அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"ஏய், நீ எப்படா ஊத்துனே?" புஷ்பவல்லி போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற கோழி ஓடியது. "அன்னைக்கு நீ வாழைக்கன்னு வாங்கப் பாசாருக்குல்ல போயிருந்தே! நான் செஞ்சதுக்கு நீ என்ன பட்டம் வாங்கிக்கிறது? ஐயா, அவன் பொய் சொல்றான். கயித்த நழுவ விட்டதும் நான்தான், எண்ணெய் ஊத்துனதும் நான்தான். பூஜைக்குச் சுத்தமா இருக்கட்டும்னு கியர் எண்ணெய் ஊத்துனேன்."

"அம்மா, நீங்க சொல்றது என்னன்னு தெரியுதா? நீங்கன்னா இணைப்பு போயிரும்."

"தெரியுது. லேத்து இல்லாத காலத்துல இவன எடுத்தேன். லேத்துக்காக இப்ப இவன அனுப்ப மாட்டேன்."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அவள் குரல் உடைந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. ராதாகிருஷ்ணன் தோல் பையைத் திறந்தார், ரத்துத் தாளை எழுதத்தான். புஷ்பவல்லி புடவைத் தலைப்பால் முகத்தை ஒரு துடை துடைத்துவிட்டு, மறுபடியும் தவுக்கேயம்மா ஆனாள்.

"ஐயா, நீங்க சோதிக்க வந்தது என்னையா, பெட்டியையா? என்னைச் சோதிச்சாச்சு, தோத்துட்டேன், ஒத்துக்கிறேன். பெட்டிய நீங்க இன்னும் சோதிக்கவே இல்லியே. அது குடிக்க வேண்டிய எண்ணெய ஊத்தி ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் எழுதுங்க. தோத்தா நானே ஒயர அறுத்துத் தரேன்."

அவர் பேனாவைப் பிடித்தபடி நின்றார். ஆபீஸில் எவ்வளவோ பேர் மழுப்புவதைக் கேட்டவராக இருக்க வேண்டும். தப்பை இப்படித் தூக்கி மேஜையில் வைத்தவர்கள் குறைவாக இருந்திருப்பார்கள். "நான் கிள்ளான் ரயிலுக்குப் போகணும். அந்த எண்ணெய் இப்ப இங்க இருக்கா?" என்றார்.

இல்லை. அது தையல் மிஷினுக்குள் போயிருந்தது. டவுன் கடைக்குப் போய் வருவதற்குள் ரயில் போய்விடும்.

புஷ்பவல்லி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். புகார் கொடுத்த நாளிலிருந்து அவள் என்னை நேராகப் பார்த்ததில்லை.

"அண்ணே... பிள்ளையார் படத்துக்குப் பின்னால வெச்சிருக்கீங்களே..."

அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். மெய்யம்மையைத் தவிர வேறு யார் சொல்லியிருப்பார்கள்? நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்த காலமெல்லாம் பெண்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவள் இணைப்பு போயிருந்தால் என் மில்லுக்கு நிம்மதி, எனக்குத் தூக்கம். ஆனால் நாகையா முன்னால் வந்து நின்றதைப் பார்த்த பிறகு, அந்த நிம்மதி எனக்கு வேண்டியிருக்கவில்லை. இந்த வயதில் நான் ஓடினேன் என்றால் மெய்யம்மையே நம்ப மாட்டாள். ஓடித்தான் போனேன்.

கியர் எண்ணெயைக் கொட்டி, கிண்ணங்களைப் பெட்ரோலில் கழுவி, துணியால் ஒற்றி, நாகையா என் புட்டியிலிருந்து மெல்லிய எண்ணெயைக் கோடு வரைக்கும் ஊற்றினான். ராதாகிருஷ்ணன் குனிந்து பார்த்துத் தலையசைத்தார். கைப்பிடியைத் தள்ளினார்கள். மோட்டார் இடித்துக்கொண்டு கிளம்பியது. பெட்டி பொறுத்தது, விழவில்லை. முதல் பந்தி தாண்டியது. மறுபடியும் கட்டையைக் கொடுத்தார்கள். தண்டு நின்றது, மோட்டார் முக்கியது. புஷ்பவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது, எந்தச் சாமியை என்று தெரியாது.

டக்.

கைப்பிடி விழுந்தது. மோட்டார் அடங்கியது. வாசனை இல்லை, புகை இல்லை. கராஜ் முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் போனது. அந்த அமைதியில், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், என் மில் கடகடவென்று அரைத்துக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காக நான் கேட்டுச் சலித்த சத்தம். அன்றைக்கு அது என் காதுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. பஸ் மேஸ்திரிதான் முதலில் கை தட்டினார். புஷ்பவல்லி முக்காலியில் உட்கார்ந்து எல்லாருக்கும் முன்னால் அழுதாள், யாரையும் பார்த்து வெட்கப்படவில்லை.

ராதாகிருஷ்ணன் ரத்துத் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டார். புதிதாக அரக்கு வைத்து, கயிற்றை இந்தத் தடவை இறுக்கிக் கட்டினார். போகும்போது, "அடுத்த பூஜைக்குச் சந்தனம் வெளியில மட்டும் வைங்கம்மா" என்றார். கிள்ளான் ரயிலைப் பிடித்தாரா என்று தெரியவில்லை.

அவர் போனதும் அவள் நாகையாவைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே எனக்காகப் பொய் சொன்னே, பல்ல ஒடச்சிருவேன். ஒழுங்கா ஒரு பொய் சொல்லத் தெரியுதா லா உனக்கு?" திட்டிக்கொண்டே பெட்டியின் சாவியைக் கழற்றி அவன் கையில் திணித்தாள். "இது உன்கிட்டயே இருக்கட்டும். நானே வந்து கேட்டாலும் குடுக்காதே."

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் கராஜுக்குள்தான் நின்றேன். நடுவில் சுவர் இருக்கிறதென்று வெளியில் நிற்கிற வழக்கம் அதற்குள் போயிருந்தது. சந்தனமும் குங்குமமும் எல்லா மிஷினுக்கும் வைத்தாயிற்று. புஷ்பவல்லி எண்ணெய்க் குடுவையோடு பெட்டிக்கு முன் வந்தாள். அப்பா காலத்துப் பழக்கம், காலும் கையும் தானாக வந்துவிட்டன. அன்றைக்கு வந்த கிள்ளான் பஸ்களும் கேரி தீவு லோரிகளும் மாலை போட்டுக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றன.

"நாகையா, சாவிய எடு."

நாகையா இடுப்பில் முடிந்திருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தவுக்கேயம்மாவை எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

"குடுக்க மாட்டேங்க" என்றான்.

அவள் குடுவையைக் கீழே வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கண் நிறைய, சத்தமாகச் சிரித்தாள்.

"பாத்தீங்களா அண்ணே, இதுதான் என் பீஸு."